பச்சைத் தண்ணீரும் ஞாயிற்றுக்கிழமை போனும்

செவ்வாய்க்கிழமை தேய்த்துக் கழுவிய கண்ணாடி சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் மறுபடியும் பச்சை பூத்துக்கொண்டது. செங்கமலம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மீன் தொட்டிக்கு முன்னால் நின்றாள். கண்ணாடி ஓரமெல்லாம் வழுவழுவென்று பாசி. தண்ணீரோ கீரை வேகவைத்து வடித்தது மாதிரி. உள்ளே நான்கு தங்க மீன்கள் இருப்பது அவளுக்குத் தெரியும். புதிதாக வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்தால், இந்தப் பொம்பளை எதற்குப் பச்சைத் தண்ணீரைப் பிடித்து ஹாலில் வைத்திருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

விட்டுத் தொலைத்திருக்கலாம். மீனை யாருக்காவது கொடுத்துவிட்டுத் தொட்டியைக் கவிழ்த்துத் தோட்டத்தில் போட்டிருக்கலாம். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சகாயம்மாளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் அந்த மீன்கள் இளம்பரிதியுடையவை. மகன் ஓசூருக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வரும். எடுத்ததும் அவன் கேட்பது ஒரே கேள்வி, மீனெல்லாம் எப்படி இருக்கிறது என்று. அதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் சாப்பாடு, காய்ச்சல், ரூமில் தண்ணீர் வருகிறதா என்ற பேச்செல்லாம். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மீன் செத்துப்போனால் அவனுக்கு இந்த வீட்டைப் பற்றிக் கேட்க என்ன இருக்கிறது? முதலில் போன் மாதத்துக்கு ஒன்றாகும், அப்புறம் தீபாவளிக்கு ஒன்றாகும். செங்கமலம் இதை யாரிடமும் சொல்லவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அவள் உட்கார்ந்து அந்த லைனில் யாரும் பார்த்ததில்லை. டிவி பார்ப்பதும் நின்றுகொண்டுதான், கையில் ஏதாவது ஒரு துணியோடு. குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு, களை எடுத்து வளர்ந்தவள். சிங்காரவேலைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவர் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். பிறகு பர்மனெண்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் கிடைத்து, இருபத்தொன்றாவது பிளாக்கில் குடியேறினார்கள். அவளுக்கு இந்த டவுன்ஷிப்பில் பிடித்தது மரமும் இல்லை, அகலமான ரோடும் இல்லை. சிமெண்ட் தரைதான். தேய்த்தால் வெளுக்கும், வெளுத்தது அடுத்த நாள் காலை வரைக்கும் அப்படியே நிற்கும். சேற்றிலேயே இருபது வருஷம் நின்றவளுக்கு அது பெரிய விஷயம். இந்தப் பாசி ஒன்றுதான் அவள் கைக்கு அடங்காமல் தண்ணி காட்டியது.

மகனும் அப்பனும் பேசாமல் போன கதை சின்னதுதான். டிப்ளமோ முடித்த இளம்பரிதிக்கு அதே சுரங்கத்தில் அப்ரண்டிஸ் இன்டர்வியூவுக்குக் கடிதம் வந்தது. அவன் போகவில்லை. போகவில்லை என்று வீட்டில் சொல்லவுமில்லை. ஷிப்ட் பஸ்ஸில் யாரோ ஒருத்தர், உம்ம பையன் ஏன் வரலை என்று சிங்காரவேலிடம் கேட்டுவிட்டார். பஸ் முழுக்க ஆட்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த சிங்காரவேல் ஷூவைக்கூடக் கழற்றவில்லை. சுரங்கத்தில் மண் தின்று வளர்த்தது இதற்குத்தானா என்று ஆரம்பித்தவர், இனி உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று முடித்தார். மகன் அடுத்த வாரம் ஓசூரில் ஒரு வண்டி பார்ட்ஸ் கம்பெனிக்குப் போய்விட்டான். மூன்றடித் தொட்டியையும் ஆறு மீனையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆறையும் விட்டுவிட்டுப் போனான்.

ஆறில் இரண்டு ஏற்கனவே போய்விட்டன. ஒன்று, மே மாதம் அவள் துளி பிளீச்சிங் பவுடர் போட்டுத் தொட்டியைத் தேய்த்த மறுநாள் போனது. இன்னொன்று, தண்ணீர் மொத்தத்தையும் கொட்டிவிட்டுக் குழாய்த் தண்ணீரை அப்படியே பிடித்து ஊற்றிய வாரம். இரண்டையும் கருவேப்பிலைச் செடிக்கடியில் புதைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை போனில் எல்லாம் ஜம்மென்று இருக்கிறது என்று சொன்னாள். பொய் சொல்வதில் அவளுக்குப் பெரிய சங்கடம் ஒன்றும் கிடையாது. மாட்டிக்கொள்வதுதான் சங்கடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்டிக்கொள்ள வழியும் பிறந்தது. போன மாதம் அவன் கூரியரில் அனுப்பியிருந்த டச் போன் சும்மா கிடப்பதாகக் கேள்விப்பட்டு, அடுத்த வாரம் வீடியோ கால் போடுகிறேன், மீனைக் காட்டு என்றான். எப்படி எடுப்பது என்று சகாயம்மாள் மகளிடம் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னான். சரிப்பா என்று போனை வைத்த செங்கமலம், கழுவி வைத்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடியும் கழுவினாள்.

திங்கட்கிழமை காலையில் மூன்றாவது மீன் மல்லாந்து மிதந்தது. வால் நுனியில் வெள்ளைத் திட்டு உள்ளது, அவன் முதன்முதலில் வாங்கி வந்தது. அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனவளை வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சகாயம்மாள் பார்த்துவிட்டாள்.

"அக்கா, நீ அத்தத் தேய்க்காம உட்டாத்தான் அதுங்க பொழைக்கும். நீ தேய்க்கிற தேய்ப்புக்கு நானா இருந்தாக்கூட செத்துதான் போவேன்."

"உன் வாய்ல கொஞ்சம் பிளீச்சிங் போட்டாத் தேவல" என்றாள் செங்கமலம்.

பாசி தின்னும் என்று வண்ண மீன் கடைக்காரர் தைரியநாதன் ஆகஸ்டில் ஒரு சக்கர் மீனைத் தலையில் கட்டியிருந்தார். கறுப்பாக, கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும். வந்த ஒரு வாரம் ஒழுங்காகப் பாசியை மேய்ந்தது. அப்புறம் அடியில் கிடந்த தீனியைத் தின்று தின்று உடம்பு வைத்துக்கொண்டு, ஒரு மூலையில் படுத்துவிட்டது. அதற்கு இந்த வீட்டில் யாரோ தேவைக்கு மேல் சாப்பாடு போடுகிறார்கள் என்பது செங்கமலத்துக்கு அப்போது உறைக்கவில்லை.

உறைத்தது செவ்வாய்க்கிழமைதான். மகன் இருந்தபோது ஒரு டப்பா தீனி இரண்டு மாதம் வரும். இப்போது இருபது நாளில் காலி. எலி என்று நினைத்துக்கொண்டு டப்பாவை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்தாள். அந்த வாரம் சிங்காரவேலுக்கு நைட் ஷிப்ட். காலை ஆறரைக்கு வந்து குளிக்கப் போனவரின் பையிலிருந்து சாப்பாட்டு கேரியரை எடுக்கக் கையை விட்டாள். கேரியருக்குக் கீழே, டார்ச் லைட்டுக்குப் பக்கத்தில், ஒரு புது மீன் தீனிப் பாக்கெட். வாயை மடித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது.

அவள் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு குளியலறைக் கதவுக்கு நேராக நின்றாள். துண்டோடு வெளியே வந்தவர் பாக்கெட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தலை துவட்டுகிற சாக்கில் முகத்தை மூடிக்கொண்டார்.

"இது எத்தினி நாளா நடக்குது?"

"எது?"

"நான் பாக்கெட்டைக் கேக்குறன். நீங்க எதுன்னு வேற கேக்குறீங்க."

சிங்காரவேல் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, கொடியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேல முடிஞ்சி வந்தா, கண்ணாடில மூஞ்ச ஒட்டிகினு நிக்கிதுங்க. பசிக்கிதோ என்னமோன்னு ஒரு கை போட்டன்."

"ஒரு கையா?"

"அவன் போட்டுகினு இருந்தான் இல்ல."

அந்த 'அவன்' என்ற சொல் பதினெட்டு மாதம் கழித்து அவர் வாயிலிருந்து வந்தது. செங்கமலத்துக்கு நாலு வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு இட்லி ஊற்றப் போனாள்.

இட்லி வேகிற நேரத்தில் கணக்கு புரிந்துவிட்டது. காலையில் எழுந்ததும் அவள் ஒரு தரம் தீனி போடுவாள். சாயங்காலம் விளக்கேற்றும்போது ஒரு தரம். ஃபர்ஸ்ட் ஷிப்டானால் அவர் மத்தியானம் மூன்று மணிக்கு வந்து ஒரு கை. செகண்ட் ஷிப்டானால் அவள் படுத்த பிறகு ஒரு கை. நைட்டானால் விடியற்காலையில் அவள் பால் வாங்கப் போயிருக்கும்போது ஒரு கை. வீட்டில் இரண்டு பேர்தான், ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தத் தொட்டியைப் பார்த்ததே இல்லை. சுரங்கத்து யந்திரம் மாதிரி மீனுக்கும் மூன்று ஷிப்டாகத் தீனி ஓடியிருக்கிறது.

பஸ் பிடித்து மெயின் பஜாருக்குப் போனாள். தைரியநாதன் கடையில் வரிசையாக நாற்பது தொட்டி, ஒன்றிலும் பச்சை இல்லை. அதைப் பார்த்ததுமே அவளுக்கு எரிச்சல் வந்தது. சக்கர் மீன் வேலை செய்யவில்லை என்று முதலில் அதைத்தான் கேட்டாள்.

"அது பர்மனெண்ட் ஆயிடுச்சிங்க" என்றார் தைரியநாதன். "ஒக்காந்த எடத்துல சோறு வந்தா எவன் பாசியத் திங்கிறான்?"

"எங்க வூட்டுக்காரரும் பர்மனெண்டுதான். பாத்துப் பேசுங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தள்ளிப் போட்டார். அவள் உட்காரவில்லை. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். தொட்டி எங்கே இருக்கிறது? ஹாலில், மேற்கு ஜன்னல் ஓரம். சாயங்கால வெயில் விழுமா? நன்றாக விழும். தொட்டி லைட் எத்தனை மணி நேரம் எரியும்? அவளுக்கு யோசிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் அவள் போடுவாள். அவர் நைட் ஷிப்டுக்குப் போகிற வாரம் வீட்டில் தனியாக இருக்க வேண்டுமே என்று விடிய விடிய எரியும். காலையில் வந்து தீனி போட அவர் மறுபடியும் போடுவார். கூட்டிப் பார்த்தால் பதினெட்டு மணி நேரம் வந்தது.

தைரியநாதன் பேச்சில் சுற்றி வளைக்கவில்லை. வெளிச்சமும் தீனியும் சேர்ந்தால் பாசிக்கு விருந்து, நீங்கள் தேய்ப்பதெல்லாம் மேலே மேலே, உள்ளே கிடக்கிற அழுகின தீனிதான் அதற்கு உரம் என்றார். தண்ணீரை மொத்தமாகக் கொட்டினால் மீனைக் காப்பாற்றுகிற நல்ல கிருமியும் சாக்கடைக்குப் போகிறது. அதனால்தான் கழுவக் கழுவ மோசமாகிறது. ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் பிழிகிறீர்களா என்று கேட்டார். சோப்புப் போட்டுப் பிழிந்தது அவளுக்குத்தான் தெரியும்.

இனிமேல் செய்ய வேண்டியதையும் சொன்னார். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கிற அளவு. லைட் எட்டு மணி நேரத்துக்கு மேல் கூடாது. வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீர் மட்டும் மாற்ற வேண்டும், அதுவும் முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீர். ஆனால் இதெல்லாம் பலன் தர ஒரு மாதம் ஆகும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டுமென்றால் ஒன்றுதான் வழி. நாலு நாள் கும்மிருட்டு. துளி வெளிச்சம் கூடாது, தீனி கூடாது, காற்று மோட்டார் மட்டும் ஓட வேண்டும். மீன் தாங்கும், பாசி தாங்காது.

"போர்வையப் போட்டு மூடுனாப் போதுமா?"

"ஜன்னலோரம் போர்வைக்குள்ள வெயில் பூந்துடுங்க. வூட்ல இருட்டு ரூம் ஏதாச்சிம் இருந்தா அங்க வெய்யிங்க."

இருட்டு அறையா? நைட் ஷிப்ட் பார்க்கிற எந்தக் குவார்ட்டர்ஸில்தான் அது இல்லை? சிங்காரவேல் பகலில் தூங்குகிற உள் அறைக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் பிரவுன் பேப்பர் ஒட்டி, அதன் மேல் கம்பளி தொங்கவிட்டு, கதவிடுக்கில் பழைய புடவையைத் திணித்து வைத்திருந்தாள். அவர் நைட் பார்க்கிற வாரம் குக்கரில் விசில் வர விடமாட்டாள். லைனில் பிள்ளைகள் பந்து விளையாடினால் வாசலில் நின்று முறைப்பாள். அந்த அறை அவருடைய தூக்கம். அதில் இதுவரை ஒரு ரேடியோகூடப் போனதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் எழுந்து டீ குடிக்கும்போது சொன்னாள். முழுசாகத்தான் சொன்னாள், மூன்று மீன் செத்தது, பொய் சொன்னது, வீடியோ கால் எல்லாமே. தொட்டி நாலு நாள் உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும், மோட்டார் சத்தம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். மாட்டேன் என்றால் என்ன சொல்ல வேண்டும் என்றும் தயாராக வைத்திருந்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியிலிருந்து தண்ணீர் இறைக்க பக்கெட் எங்கே என்று கேட்டார். சகாயம்மாளின் வீட்டுக்காரரும் வந்து கைகொடுத்தார். முக்கால் தண்ணீரைப் பக்கெட்டுகளில் பிடித்து வைத்துக்கொண்டு, தொட்டியையும் ஸ்டாண்டையும் உள்ளே தூக்கிப் போய், பழைய தண்ணீரையே பெரும்பாலும் ஊற்றி, மேலே கம்பளியைப் போர்த்தினார்கள்.

அந்த நாலு நாளும் செங்கமலத்துக்கு ஆகாத நாட்கள். தேய்க்கக் கூடாது, திறக்கக் கூடாது, பார்க்கக் கூடாது. சும்மா இரு என்று சொன்னால் அவளால் முடிந்ததா? புதன்கிழமை பரணை ஒழித்தாள். வியாழக்கிழமை மிளகாயைக் காயவைத்து, காய்ந்ததை எடுத்து மறுபடியும் காயவைத்தாள். கதவில் காதை வைத்து மோட்டார் ஓடுகிறதா என்று கேட்பாள். உள்ளே அவர் குறட்டையும் மோட்டாரும் சேர்ந்து கேட்கும். கம்பளிக்குள்ளே செத்து நாறிக்கொண்டிருந்தால் என்ன செய்வது? வெள்ளிக்கிழமை காலை அவர் படுக்கப் போகும்போது, மூக்கால் மோந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். ஒன்றும் வாடையில்லை, நீ போய்ப் படு என்றார். காலை ஏழரை மணிக்கு எங்கே படுப்பது?

சனிக்கிழமைதான் அவளுக்கு அது தோன்றியது. தொட்டி உள்ளே. ஞாயிறு பதினோரு மணிக்கு அவரும் உள்ளே, தூக்கத்தில். போனோடு அந்த அறைக்குள் போய் லைட்டைப் போட்டால்தான் மகனுக்கு மீன் தெரியும். லைட்டைப் போட்டால் மீன் மட்டுமா தெரியும்? தொட்டியை வெளியே எடுக்கலாம் என்று சகாயம்மாள் வீட்டுக்காரரைக் கேட்கப் போனாள். அவர் நெல்லிக்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டாராம். சிங்காரவேலிடம் சொல்லலாமா என்று இரண்டு தரம் வாயைத் திறந்து மூடினாள். சொன்னால் அவர் எழுந்து வெளியே போய்விடுவார், அவருக்குத் தூக்கம் கெடும், போதாததற்குக் கோபமும் வரும். சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே போன் அடித்தது. சகாயம்மாளின் மகள் சொல்லிக் கொடுத்தபடி பச்சை வட்டத்தை மேலே தள்ளினாள். இளம்பரிதி முகம் தெரிந்தது. இளைத்திருந்தான், தாடி வைத்திருந்தான். சவரம் பண்ண ஓசூரில் ஆளில்லையா என்று கேட்டாள். மீனைக் காட்டும்மா என்றான்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனாள். கட்டிலில் சிங்காரவேல் தலையோடு கால் போர்த்திச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு லைட்டைப் போட்டாள். கம்பளியை இழுத்தாள்.

தண்ணீர் முழுசாகத் தெளிந்துவிடவில்லை. லேசாகப் புகை படிந்த மாதிரி இருந்தது. ஆனால் பச்சை போய்விட்டது. பின் கண்ணாடி வரைக்கும் தெரிந்தது. மூன்று தங்க மீனும் வெளிச்சத்தில் திடுக்கிட்டு ஒரே பக்கமாக ஓடின. சக்கர் மீன், நாலு நாள் பட்டினியில், கண்ணாடியில் ஒட்டி மும்முரமாக மேய்ந்துகொண்டிருந்தது. செங்கமலம் போனைத் திருப்பிக் காட்டினாள்.

மகன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்தான். எண்ணிக்கொண்டிருந்தான்.

"ம்மா, மூணுதானே இருக்கு."

மூன்று ஒளிந்துகொண்டிருக்கிறது என்று சொல்லலாம். ஒளிய அந்தத் தொட்டியில் ஒரு கல்கூட இல்லை. "செத்துப்போச்சிப்பா. மூணு. தண்ணி பச்சையாப் போச்சி, நான் கழுவுறன்னு மொத்தத்தயும் ஊத்தி ஊத்திக் கொன்னுட்டன். உங்கிட்ட சொன்னா நீ போன் பண்ண மாட்டன்னு சொல்லல."

அவன் வைத்துவிடப் போகிறான் என்று அவள் நினைத்தாள். பிறகு அவன் கேட்டான், "கழுவுனதால மட்டும் அவ்ளோ பச்சை வராதேம்மா. தீனி எவ்ளோ போட்ட? யாரு போட்டது?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போர்வைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

"நான்தான்."

போனில் மகனின் முகம் அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று செங்கமலம் போனைத் தட்டிப் பார்த்தாள். நிற்கவில்லை, கண் சிமிட்டினான்.

"எவ்ளோ?" என்றான், அம்மாவிடம் இல்லை.

"ஒரு கை" என்றார் சிங்காரவேல், சுவரைப் பார்த்தபடியே.

"ஒரு கையா? ஒரு சிட்டிகை போடுறதுப்பா. யாராவது ஒரு கை போடுவாங்களா?"

சிங்காரவேல் பனியனோடு எழுந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் கண் சிவந்திருந்தது. "எனுக்கு என்ன தெரியும்? நீ சொல்லிட்டுப் போனியா? ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிட்டுப் போயிருக்கணும். மீன உட்டுட்டு நீபாட்டுக்குக் கெளம்பிட்ட."

"நான்பாட்டுக்கா கெளம்பினேன்?"

"பின்ன?"

செங்கமலம் குறுக்கே பேசவில்லை. இது சண்டைதான். நல்ல சண்டையாக வரும் போலத்தான் இருந்தது. சிங்காரவேல் கையை நீட்டி அவளிடமிருந்து போனை வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். திருப்பத் தெரியாமல் கூரை மின்விசிறியைக் காட்டினார். இந்தப் பக்கம் பிடிங்கப்பா என்று மகன் அதட்டினான். லைட் எத்தனை மணி நேரம் என்று அவன் கேட்க, எட்டு மணி நேரம், அது எனக்குத் தெரியும் என்று இவர் சொல்ல, தெரிந்தா தண்ணீரை அப்படிப் பச்சையாக்கினீர்கள் என்று அவன் திருப்பிக் கேட்டான். இன்டர்வியூ கடிதம்வரைக்கும் பேச்சு போனது. அங்கேயும் நிற்கவில்லை.

போன் டிங் என்றது. அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். சார்ஜ் ஒன்பது சதவீதத்தில் நின்றது. செங்கமலம் ஹாலுக்கு ஓடி சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ஒரே பிளக்கில் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கேட்க சகாயம்மாள் வீட்டுக்குச் செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.